அரை அங்குலம்

எதிர்வீட்டுப் பெயிண்டர் குடும்பத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அபாண்டம். அவர்கள் சமையலறை என் மாடிச் சன்னலுக்குத் தெரியாது. மாடிப்படி, வாசல், கூடம், மொட்டைமாடி, இவ்வளவுதான் தெரியும். வெளிச்சத்துக்காகத் தையல் மிஷினைச் சன்னல் ஓரம் போட்டிருக்கிறேன், எதிரே அவர்கள் குடியிருக்கிறார்கள். இதில் என் தப்பு எங்கே வந்தது? எனக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்த புண்ணியவான்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வாயில் குண்டூசி இருக்கும்போது நான் பேசுவதில்லை. நாளில் பாதி நேரம் என் வாயில் குண்டூசிதான்.

பெயிண்டர் விழுந்தது நாய்க்காரர் வீட்டில். நாய்க்காரர் என்றால் வண்டியில் வந்து நாய் பிடிக்கிறவர் இல்லை. கண்காட்சிக்குப் போகிற நாய்களை முப்பது வருஷமாக வளர்க்கிறவர். வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷன் வகை. அவர் வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவருக்கு இரண்டாம் கோட் அடிக்கும்போது சாரத்தில் ஒரு கயிறு நழுவியது. வாளியும் பெயிண்டரும் சேர்ந்து கீழே வந்தார்கள். வாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருக்கு இடது கணுக்காலில் ஒரு பிளேட், ஆறு ஸ்க்ரூ.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர் மூன்று மாதம் கூடத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அந்தச் சுவரில் பட்டி பார்த்தது சரியில்லை என்று கண்டுபிடித்தார். அதைத்தான் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொன்னார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அந்த மூலையில பாருங்க, உப்புத்தாள் போடாமலே பிரைமர் அடிச்சிருக்கான்" என்பார். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கீழே இறங்கவில்லை. பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க வந்த பெண் இரண்டு முறை வந்து, சுவரைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு போய்விட்டாள்.

அவர் மனைவிக்கு ரொட்டிக் கம்பெனியில் பாக்கிங் வேலை. விடிகாலை ஷிப்ட். உடைந்த ரொட்டி, கருகின ஓரம் எல்லாம் பையில் போட்டு மத்தியானம் வருவாள். தெருமுனையில் திரும்பும்போதே முதலில் மாடியைப் பார்ப்பாள், பிறகு என் சன்னலைப் பார்ப்பாள். "எழுந்தாரா?" என்று கண்ணால் கேட்பாள். நான் இல்லை என்று தலையாட்டுவேன். மூன்று மாதம் அந்தத் தலையாட்டலைச் செய்தேன். என் கழுத்துக்கே அது பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாய்க்காரர் ஒரு அட்டைப்பெட்டியோடு படியேறி வந்தார்.

"எப்படிப்பா இருக்க?"

"இந்தச் சுவரைப் பாருங்க சார்."

"சுவர் இருக்கட்டும். இதைப் பாரு."

பெட்டிக்குள் இருந்து ஒரு குட்டி எட்டிப் பார்த்தது. பத்து வாரம் இருக்கும். பிரஷ்ஷை உதறினபோது மேலே தெறித்த மாதிரி உடம்பெல்லாம் புள்ளி.

"இந்த ஈத்துலயே நல்ல குட்டி இதுதான். பொட்டை. என் வீட்டுல பதிமூணு இருக்கு, இதைத் தனியாப் பழக்க எனக்கு நேரம் இல்ல. நீ வளர்த்துக் குடு. நிக்க, நடக்க, பல்லைக் காட்டப் பழக்கணும். அடுத்த வருஷக் காட்சியில நீயே ஏத்து. தேறிட்டா நான் எடுத்துக்கறேன், அவ வயித்துலதான் என் அடுத்த ஈத்து. தேறலைன்னா அவ உனக்கே."

பெயிண்டரின் மனைவி ரொட்டிப் பையோடு வாசலில் நின்றாள். "சார், வீட்டுல ஏற்கனவே ஒண்ணைக் கட்டில்ல இருந்து எழுப்ப முடியல. இன்னொண்ணா?"

"அதுக்குத்தாம்மா," என்றார் நாய்க்காரர், மெதுவாக. பெயிண்டர் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. காற்று என் பக்கம் அடித்தது.

குட்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கீழே கொண்டுபோக வேண்டும். மனைவி ஷிப்டுக்குப் போய்விடுவாள். முதல் நாள் பெயிண்டர் கட்டிலில் இருந்தே "ஏய், பொறு, பொறு" என்றார். குட்டி பொறுக்கவில்லை. கூடத்தின் நடுவில், அவர் தானே ஒரு காலத்தில் மெழுகு போட்டுத் தேய்த்த தரையில், குளம் கட்டியது. இரண்டாவது நாளும் அப்படியே. மூன்றாவது நாள் குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து இறங்கினார். முப்பத்து நான்கு படி. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஒரு தையல் கோணலாகப் போய்விட்டது.

மத்தியானம் தெருமுனையில் அவள் தலை தெரிந்ததும் நான் சன்னலில் எழுந்து நின்று ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினேன். நடுத்தெருவில் நின்று பையை மார்போடு பிடித்துக்கொண்டாள். பிறகு மேலே வந்து என்னிடம் சொன்னாள்: "நாய் மூத்திரத்துக்காக எறங்குனாராக்கா. எனக்காக ஒரு நாள் எறங்கல. பரவாயில்ல. எறங்குனாரே."

குட்டிக்குப் புள்ளி என்று பேர் வைத்தார்கள். காகிதத்தில் அதற்கு ஒரு முழ நீளத்துக்குப் பேர் இருந்தது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அது வேறு யாரையோ தேடியது.

அந்த வாரமே பெயிண்டர் இரண்டு பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "அக்கா, இடது கால் மட்டும் தெருவைப் பெருக்குது." ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி அளந்தேன். வலது கால் பழைய அளவே. இடது பக்கம் அரை அங்குலம் குறைவு. டாக்டர் அவரிடம் எத்தனை சொன்னாரோ தெரியாது, என் டேப் பொய் சொல்லாது. வாயில் குண்டூசி இருந்தது. ஒன்றும் பேசாமல் மடித்துக் குத்தினேன். அவரும் ஒன்றும் கேட்காமல் சன்னல் வழியே தன் மொட்டைமாடியைப் பார்த்தார். "இங்கிருந்து எல்லாம் தெரியுது போல" என்றார். நான் ஊசியைக் கொஞ்சம் ஆழமாகக் குத்தியிருக்கலாம்.

பிறகு ஒரு வருஷம் எனக்கு நல்ல பொழுதுபோக்கு. பெயிண்டர் நாயைப் பழக்கினது பெயிண்டர் மாதிரிதான். மொட்டைமாடியில் நீலப்பொடி தோய்த்த நூல் அடித்து ஒரு பெரிய முக்கோணம் போட்டார், காட்சியில் அப்படித்தான் நடத்திக் காட்ட வேண்டுமாம். நடுவில் நான்கு பாதம் நிற்க மாஸ்கிங் டேப்பில் நான்கு கட்டம். குட்டி வளர வளர டேப்பைப் பிய்த்துத் தள்ளி ஒட்டுவார். வெயில் காலத்தில் தரை சுடுகிறது, பாதம் பொத்துப்போகும் என்று மீதி இருந்த வெள்ளைக் கூலிங் பெயிண்டை மாடி முழுக்க இரண்டு கோட் அடித்தார். விழுந்த பிறகு அவர் பிரஷ்ஷைத் தொட்டது அன்றைக்குத்தான். உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து அடித்தார். முடித்துவிட்டு எழுந்தபோது பின்பக்கம் முழுக்க வெள்ளை. குட்டி அதை நக்கப் பார்த்தது.

"நில்லு." புள்ளி கட்டத்தில் நிற்கும். "அசையாத." அசையாது, வால் மட்டும் கேட்காது. பாக்கெட்டில் வேகவைத்த ஈரல் துண்டு. ஈரல் வேகிற வாசனை தெரு முழுக்க அடிக்கும். அவர் மனைவி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கத்துவாள்: "கட்டின நாள்ல இருந்து எனக்கு ஒரு முட்டை வேகவச்சுக் குடுத்திருக்காரா இந்த மனுஷன்? நாய்க்கு ஈரல், அதுவும் பொடிப்பொடியா நறுக்கி!"

"நீ கட்டத்துல நில்லு, உனக்கும் குடுக்கறேன்" என்பார் பெயிண்டர்.

மூன்று மாதம் வாய் திறந்தால் சுவரைப் பற்றியே பேசின ஆள் அப்படி ஒரு பதில் சொன்னால், பாத்திரத்தைப் போட்டுவிட்டுச் சிரிக்க அவளுக்கு எத்தனை நேரம் ஆகும்?

நீதிபதி வந்து நாயின் பல், காது, முதுகு எல்லாம் தொட்டுப் பார்ப்பார், அந்நியர் தொட்டால் கூசக்கூடாது. அதற்காகத் தெருவில் எல்லாரும் நீதிபதி ஆனோம். டீக்கடைக்காரர், பேப்பர் போடுகிறவர், என் வீட்டுக்காரர் உள்பட. என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புள்ளியின் பல்லை அத்தனை கவனமாகப் பார்த்தார். முப்பது வருஷத்தில் என் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. "நல்ல பல்லு" என்று தீர்ப்புச் சொன்னார். நானும் கழுத்து, மார்பு, முதுகு என்று தொட்டுப் பார்த்தேன். ரவிக்கைக்கு அளவெடுக்கிற மாதிரி எடுக்கிறேன் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். அளவு எடுத்துத்தான் சொல்கிறேன், அந்த உடம்பில் இடது, வலது ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

இடையில் நாய்க்காரர் மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போய், பேரப்பிள்ளையை விட்டு வர மனமில்லாமல் ஐந்து மாதம் அங்கேயே இருந்துவிட்டார். போனில் கேட்பார், பெயிண்டர் சொல்வார். "நிக்கறா சார். சிலை மாதிரி நிக்கறா."

காட்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது டீக்கடைக்காரர்தான் முதலில் சொன்னார்: "அண்ணே, புள்ளி காலைச் சாய்ச்சு நடக்குதே."

பெயிண்டர் முகம் சுண்ணாம்பானது. தெருவிலேயே உட்கார்ந்து நான்கு பாதத்தையும் விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். முள் இல்லை, கண்ணாடி இல்லை. கால்நடை டாக்டரம்மாவிடம் போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு சுத்தம். விட்டால் நன்றாகத்தான் ஓடுகிறது என்று இவர் சொன்னதற்கு, "நாலுகால் பாய்ச்சல்ல தெரியாது, நிதானமா நடத்தினாத்தான் தெரியும். வளர்ற வயசு. ரெண்டு வாரம் ஓய்வு குடுங்க" என்று அனுப்பிவிட்டார்.

ஓய்வு கொடுத்தார். ஈரலை இரட்டிப்பாக்கினார். இரண்டு வாரம் கழித்து நூல் அடித்த கோட்டில் நடத்தினார். தட்டு, தட்டு, தட்டு. இடது முன்னங்கால் ஊன்றும்போதெல்லாம் தோள் இறங்கியது.

நான் ஒரு திரைச்சீலைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்து பார்த்தால் இரண்டு தோளும் ஒரே நேரத்தில் தெரியும், பெயிண்டருடையதும் நாயுடையதும். அவருக்கு இடது தோள் இறங்கியது. அவருடைய இடது காலை ஒட்டி நடந்த புள்ளிக்கும் இறங்கியது. இரண்டும் ஒரே தாளம். கோட்டின் முனையில் திரும்பினார், மறுபடியும் இறங்கியது, ஒன்றாகவே. இறங்கின அளவு எனக்குத் தெரிந்த அளவு. நானே டேப் வைத்து எடுத்த அளவு.

மிஷினை நிறுத்திவிட்டேன். அந்த நாய்க்கு ஒரு நோயும் இல்லை. குட்டியில் இருந்து ஒரே ஒரு மனுஷனோடு நடந்தது. நடை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டது. வேறு யாராவது பிடித்து நடத்தினால் கோடு போட்ட மாதிரி நடக்கும்.

சொல்ல எழுந்தேன். செருப்புகூடப் போட்டுவிட்டேன். படியில் பாதி இறங்கும்போதுதான் மிச்சக் கணக்கு மனசில் ஓடியது. நான் சொல்வேன். அவர் வேறு ஆளை விட்டு ஓட்டுவார். புள்ளி தேறும். தேறினால் போகும். முப்பத்து நான்கு படியை அவரை இறங்கவைத்த ஜீவன் போய்விடும். பிறகு இருக்கவே இருக்கிறது அந்தச் சுவர்.

திரும்பி மேலே வந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர், "என்ன, போன வேகத்துல வந்துட்ட? சேதி தீர்ந்துபோச்சா?" என்றார். எட்டுக் குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பெயிண்டர் மாடியில் இருந்தே குரல் கொடுத்தார்.

"அக்கா! நீங்க மேல இருந்து பாக்கறீங்களே, உங்களுக்கு என்ன தோணுது? எந்தக் காலு? எதுல கோளாறு?"

"எனக்குக் கண்ணாடி மாத்தணும் தம்பி. ஒண்ணும் சரியாத் தெரியல."

"உங்களுக்கா?" என்றார்.

அதற்குப் பிறகு பரிதாபமாக இருந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, தெருவுக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்: "நம்பிக் குடுத்தாரு அக்கா. என்னைப் பாத்து யாரும் ஒரு டப்பாவைத் தூக்கக்கூட நம்பிக் குடுக்காத நேரம். அவ வயித்துலதான் என் ஈத்துன்னு சொன்னாரு. சின்ன வயசுல மாடிப்படி ஏத்தி இறக்கி நான்தான் கெடுத்துட்டேன் போல. இப்ப எந்த மூஞ்சிய வச்சு..."

நான் குனிந்து துணியைத் தேடினேன். மடியில்தான் இருந்தது.

சாயங்காலம் அவர் மனைவி ஒரு பை ரொட்டித்துண்டோடு வந்தாள். வராத ஆள். உட்கார்ந்தாள். துணி விலையைப் பற்றிப் பேசினாள், மழை வராததைப் பற்றிப் பேசினாள்.

"அக்கா, போன வாரம் அவருக்குக் காய்ச்சல் இல்ல? ரெண்டு நாள் நான்தான் புள்ளிய மூத்திரத்துக்கு நடத்திட்டுப் போனேன்."

"பாத்தேன்."

"நல்லா பாத்தீங்களா?"

"நல்லாத்தான் பாத்தேன்."

"நீங்க ஒண்ணும் சொல்லலியே?"

"நீயும்தான் சொல்லல."

இரண்டு பேரும் ரொட்டியைத் தின்றோம். கருகின ஓரம்தான், ஆனால் அத்தனை ருசி.

"பாவமாத்தான் இருக்கு," என்றாள். "ராத்தூக்கம் இல்ல அவருக்கு. ஆனா போயிட்டா? அவ போயிட்டா நான் யாரைக் காட்டி இவரைக் கீழ எறக்குவேன்? சாருக்குத் துரோகம்தான். சாமி என்னைக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கறேன்."

"என்னையும் சேர்த்துக் கேக்கட்டும்" என்றேன்.

காட்சிக்கு டீக்கடைக்காரரின் வேனில் போனோம். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. ஆனால் நான் போகாமல் யார் போவது? பெரிய மைதானம், நான்கைந்து கயிற்று வளையம், துணிப் பந்தல். நாய்களுக்குச் சீப்பு, பவுடர், விசிறி. சில நாய்களுக்கு என் கல்யாணத்தில் எனக்குச் செய்ததைவிட அதிக அலங்காரம். பெயிண்டர் நான் தைத்துக்கொடுத்த பேண்ட்டைத் தேய்த்துப் போட்டிருந்தார். கையில் நம்பர் அட்டை. நாய்க்காரர் ஊரில் இருந்து நேராக வந்து கயிற்றுக்கு வெளியே நின்றார். ஐந்து மாதம் கழித்துப் புள்ளியைப் பார்த்ததும் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்படி நின்றிருந்தது அது.

உள்ளே நீதிபதி, தொப்பி வைத்த பெரியவர், பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார். தலையை ஆட்டினார், நல்ல ஆட்டல். பிறகு முக்கோணமாக நடத்தச் சொன்னார். தட்டு, தட்டு. மறுபடியும் நேராகப் போய் வரச் சொன்னார். குனிந்து இடது முன்னங்காலைப் பிடித்துப் பார்த்தார். இன்னொரு முறை நடத்தினார். பிறகு ஒரு சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். மற்ற நாய்கள் வளையத்தில் நின்றன, புள்ளி வெளியே வந்தது.

சீட்டில் இருந்தது: தோற்றம் மிகச் சிறப்பு. இடது முன்னங்கால் நொண்டல். தகுதி இல்லை.

பெயிண்டர் சீட்டையும் வாரையும் சேர்த்து நாய்க்காரரிடம் நீட்டினார். "மன்னிச்சுக்குங்க சார். நீங்க குடுத்ததைக் கெடுத்துட்டேன்."

நாய்க்காரர் சீட்டைப் படித்தார். சட்டைப்பையில் வைத்தார். வாரைப் பிடித்துக்கொண்டு, "வாம்மா" என்று புள்ளியை மைதான ஓரமாக நடத்திக்கொண்டு போனார்.

புள்ளி நடந்தது. தண்ணீர் மேல் ஒரு துணி விழுந்து மிதந்து போகிற மாதிரி நடந்தது. தோள் இறங்கவில்லை, தட்டவில்லை. அந்த முனையில் திரும்பி, அப்படியே வந்தது.

"நொண்டல!" என்று கத்தினார் பெயிண்டர். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏய், பாரு, நொண்டல! அக்கா, பாருங்க! அவளுக்கு ஒண்ணும் இல்ல! நான் கெடுக்கல!" கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்தது. ஒரு மாதமாகச் சுமந்ததை அங்கேயே இறக்கிப் போட்டார் மனுஷன். அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. நொண்டவில்லை என்றால் தேறியாயிற்று. தேறியாயிற்று என்றால்...

சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. அவர் மனைவி என் கையைப் பிடித்தாள். வளையல் ஒன்று நசுங்கியது, அவளுடையதா என்னுடையதா தெரியவில்லை.

பெயிண்டர் என்ன செய்தார் தெரியுமா? எதிரே நடந்து போனார், வாங்கிக்கொள்ள இல்லை, வழியனுப்ப. தட்டு, தட்டு என்று புல்லில் நடந்தார். அவரைப் பார்த்ததும் புள்ளி வாரை இழுத்துக்கொண்டு வந்து அவருடைய இடது காலை ஒட்டி நின்றுகொண்டது. அவர் திரும்பி நடந்தார், அதுவும் நடந்தது. இரண்டு தோளும் சேர்ந்து இறங்கின.

நாய்க்காரர் வாரை விட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். அவருக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாயைப் பார்த்தார், பெயிண்டர் காலைப் பார்த்தார், என்னையும் அவளையும் பார்த்தார். எங்கள் மூஞ்சியில் என்ன எழுதியிருந்ததோ. அவர் எத்தனை நேரம் அப்படி நின்றார் என்று எனக்குத் தெரியாது. மூச்சு விட்டால்தானே நேரம் தெரியும்.

பிறகு சட்டைப்பையில் இருந்து சீட்டை எடுத்துப் பிரித்தார்.

"நொண்டல்னு எழுதியிருக்காரு."

"இல்ல சார், நீங்களே இப்பப் பாத்தீங்க, உங்க கையில நல்லா..."

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். நீதிபதி எழுதினதை நான் மாத்தினது இல்ல. நொண்டி நாயை வச்சு நான் என்னப்பா பண்றது? தேறல. உனக்குத்தான்."

"சார், சத்தியமா நொண்டல சார், வேணும்னா இன்னொரு தடவை..."

"ஏங்க," என்றாள் அவர் மனைவி, "கொஞ்சம் வாயை மூடறீங்களா?"

அந்த மைதானத்தில் அவள் அழுத அழுகை இருக்கிறதே, நாய்கள் எல்லாம் குரைப்பதை நிறுத்திவிட்டன. நாய்க்காரர் காலைத் தொடப் போனாள். அவர் இரண்டடி பின்னால் போய், "அடுத்த மாசம் காம்பவுண்டுச் சுவர் பாக்கி இருக்கு, அவனை அனுப்பும்மா, கீழ நின்னே அடிக்கலாம்" என்று எங்கேயோ பார்த்துச் சொன்னார்.

அது போன வருஷக் கதை. இப்போது பெயிண்டர் வேலைக்குப் போகிறார், தரையில் நின்று எட்டுகிற சுவர் மட்டும். புள்ளி வேலை நடக்கிற வாசலில் படுத்திருக்கும். காலையும் மாலையும் நடந்து நடந்து இடுப்புச் சாய்வு நிமிர்ந்து அவர் கால் தேறிக்கொண்டு வருகிறது. போன வாரம் அவர் பேண்ட்டில் இடது மடிப்பைப் பிரித்துக் கால் அங்குலம் இறக்கித் தைத்தேன். நாய்க்கு அளவெடுக்கவில்லை, சன்னலில் இருந்தே தெரிகிறது.

அதில் ஒரு சிக்கல். நாய்க்காரர் மாதம் ஒருமுறை பார்க்க வருவார். அவர் கார் தெருமுனையில் திரும்பினால் பெயிண்டரின் மனைவி மாடியில் இருந்து கத்துவாள், "ஏங்க, சார் வர்றாரு!" உடனே தெருவில் நடந்துகொண்டிருக்கிற இரண்டு பேரும் நொண்ட ஆரம்பித்துவிடுவார்கள். முன்பு அரை அங்குலம் நொண்டியவர்கள் அன்றைக்கு மட்டும் இரண்டு அங்குலம் நொண்டுவார்கள்.

நேற்று அவசரத்தில் பெயிண்டர் வலது காலை நொண்டினார்.

புள்ளி ஒரு நொடி நின்று அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. பிறகு அதுவும் வலது காலுக்கு மாற்றிக்கொண்டது.

நாய்க்காரர் கார்க் கதவைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக முகத்தைத் திருப்பி என் சன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

"வெயில் ஜாஸ்திம்மா இன்னிக்கு," என்றார்.

என் வாயில் குண்டூசி இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.